நாள் பார்த்துச் சொல்லச் சொன்ன மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். படகு லட்சணமாகத்தான் இருக்கிறது. மெத்தை, திரைச்சீலை, பலகைத் தரை எல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி பளபளக்கின்றன. என்ஜினைத்தான் ஒரு படத்திலும் காணோம். கடைசியில் ஒரு வரி: "மச்சான், தை முதல் வெள்ளி நல்ல நாளாம். அன்றைக்கே டர்பனிலிருந்து கேப்டவுனுக்குக் கிளம்பிவிடலாம் என்றிருக்கிறோம். நேரம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்."

வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால்தான் இங்கே, நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து உங்களைப் போலவே படகு வாங்கிக் குடும்பத்தோடு அதில் குடியேறும் ஆசையோடு வேறு யாராவது டர்பன் பக்கம் வருவதாக இருந்தால் அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை நமக்கு நல்ல நாள். படகுகளைக் கட்டிப்போடும் இந்த டர்பன் மெரினாவில் இருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். ஐரோப்பிய மாலுமிகளுக்கு வெள்ளிக்கிழமை கிளம்புவது ஆகவே ஆகாது. ராகு காலமோ சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டியது. காலண்டரில் பத்தரை முதல் பன்னிரண்டு என்று போட்டிருப்பது ஆறு மணி உதயத்துக்கு. ஜனவரியில் டர்பனில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. ஆக, உங்கள் நல்ல நேரம் எந்த ஊர்க் கணக்கு என்பதே குழப்பம். அதை விடுங்கள். இந்தக் கரையில் நாள் பார்ப்பது காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டரில்.

தூத்துக்குடியில் நீவாடு என்று சொல்வோமே, கடலுக்குள் ஓடும் ஓட்டம், அதன் ராட்சச வடிவம் இங்கே இருக்கிறது. பெயர் அகுல்யாஸ் நீரோட்டம். வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதி முடிந்து கடல் சட்டென்று இறங்கும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடும். பலமான இடங்களில் மணிக்கு 4, 5 கடல் மைல் வேகம். கேப்டவுன் போகிறவனுக்கு ஓசிச் சவாரி. தென்மேற்குக் காற்று எதிர்த்து வீசத் தொடங்கினால் கதை மாறிவிடும். தண்ணீர் ஒரு பக்கம் தள்ள, காற்று மறுபக்கம் தள்ள, அலைகள் நெருங்கி வந்து சுவர் மாதிரி நிமிரும். அலைக்கு முன்னால் பள்ளம் விழும். வரைபடத்தில் ஆழம் 200 மீட்டர் என்று காட்டும் கோட்டின் ஓரத்தில்தான் மிக மோசம். 1909 ஜூலையில் இதே டர்பன் துறைமுகத்திலிருந்து கேப்டவுனுக்குக் கிளம்பிய வாராட்டா என்ற நீராவிக் கப்பல் 211 பேரோடு மறைந்து போனது. ஒரு பலகைகூட உறுதியாகக் கிடைக்கவில்லை. அது கப்பல். நீங்கள் வாங்கப் போவது 42 அடி.

டர்பனிலிருந்து அடுத்த துறைமுகமான ஈஸ்ட் லண்டன் ஏறத்தாழ 250 கடல் மைல். நடுவில் ஒதுங்க இடம் கிடையாது. வரைபடத்தில் போர்ட் செயின்ட் ஜான்ஸ் என்று ஒரு பெயர் இருக்கும், அதில் 'போர்ட்' வேறு இருக்கும். அது ஆற்று முகத்துவாரம். மணல்திட்டும் உடையும் அலையுமாகக் கிடக்கும். பெயரை நம்பி நுழைய முடியாது.

ஆள் ஏமாறுவது எப்போது என்றால், வானம் நன்றாக இருக்கும்போது. வடகிழக்குக் காற்று முதுகில் அடிக்கும், வெயில் இருக்கும், படகு குதித்துக்கொண்டு ஓடும். பாரோமீட்டர் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு காற்று செத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் தெற்கே கறுப்பாக ஒரு கோடு தெரியும். அப்புறம் பாயைச் சுருக்கக்கூட நேரம் இருக்காது. சரியான நேரம் இதற்கு நேர்மாறானது: தென்மேற்கு அடித்து ஓயத் தொடங்கி, பாரோமீட்டர் மேலே ஏறும்போது, பார்க்க அழுக்கான வானத்தோடும் மிச்ச அலையோடும் கிளம்ப வேண்டும். நீரோட்டம் கைகொடுத்தால் ஒன்றரை நாளில் ஈஸ்ட் லண்டன். அடுத்த தென்மேற்கு வருவதற்குள் உள்ளே போய்க் கட்டிவிட வேண்டும். அந்த இடைவெளி சில சமயம் மூன்று நாள் காத்திருந்தால் கிடைக்கும், சில சமயம் மூன்று வாரம். அப்படித் துறைமுகம் துறைமுகமாகத் தாண்டித்தான் கேப்டவுன். மொத்தம் சுமார் 800 கடல் மைல்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. உங்கள் கல்யாணத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று இதுவரை உங்களிடம் உண்மையைச் சொன்னதில்லை. விசா சிக்கல் என்றேன். விசா எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்போது நானும் உங்கள் அக்காவும் 34 அடிப் படகில் குடியிருந்தோம். டர்பன் இடத்தைக் காலி செய்துவிட்டுக் கேப்டவுனில் படகைக் கட்டிப் போட்டு, அங்கிருந்து விமானம் ஏறுவதாக ஏற்பாடு. டிக்கெட் கையில். முகூர்த்த நாள் தெரியும், அதற்கு மூன்று நாள் முன்னால் ஊரில் இருக்க வேண்டும் என்பதும் தெரியும். பத்து நாளாகச் சரியான வானிலை அமையவில்லை. பதினோராம் நாள் அழகான வடகிழக்கு வீசியது. பாரோமீட்டரைப் பார்த்தேன், இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மெதுவாகத்தானே இறங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தேன்.

மறுநாள் நள்ளிரவு வாக்கில் தென்மேற்கில் மாட்டினோம். செய்ய முடிந்தது ஒன்றுதான்: ஆழம் குறைந்த பக்கமாக, நீரோட்டம் பலம் இழக்கும் கரையோரத்துக்கு ஒதுங்குவது. இருட்டில், பாறைக் கரையை நோக்கி, வேண்டுமென்றே. அக்கா வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்துபோய்ப் படகின் அடித்தரையில் படுத்திருந்தாள். அலமாரிக் கதவு திறந்து, அம்மா திரித்து அனுப்பிய மல்லித்தூள் டப்பா உடைந்தது. தூளெல்லாம் படகின் அடியில் சேரும் தண்ணீரில் கரைந்து போய்ப் பம்பின் வடிகட்டியை அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறுகிறது, பம்பு முனகுகிறது, நான் குப்புறப் படுத்து ரசம் வாசனையடிக்கும் சகதியைக் கையால் அள்ளிக்கொண்டிருக்கிறேன். விடிந்தபோது பாய் கிழிந்திருந்தது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தது. ஈஸ்ட் லண்டனுக்குள் ஊர்ந்து போனோம். சரிசெய்ய ஒரு மாதம் ஆயிற்று. கல்யாணத்தில் தங்கச்சிக்கு அண்ணன் ஸ்தானத்தில் எனக்குப் பதில் சித்தப்பா மகன் நின்றான். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை நான் இன்னும் சரியாகப் பார்த்ததில்லை.

அந்தக் கம்பி ஏன் அறுந்தது என்பதிலிருந்து படகு வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். கம்பியைப் படகின் உடலோடு பிணைக்கும் இரும்புப் பட்டை, மேல்தளத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியில் துருப்பிடித்திருந்தது. வாங்கும்போது சோதிக்கத்தான் செய்தேன். ஆனால் விற்றவரே பரிந்துரைத்த ஆளை வைத்துச் சோதித்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். படகைச் சோதிக்கும் சர்வேயர் உங்கள் ஆளாக இருக்கட்டும், காசு உங்களுடையதாக இருக்கட்டும். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடிப்பகுதியைத் தட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஈரம் இறங்கிக் கொப்புளம் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வால்வும் கையால் திருகினால் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பாய்மரக் கம்பிகள் பத்து வருஷத்துக்கு மேல் பழையவை என்றால் இன்ஷூரன்ஸ்காரர்களே மாற்றச் சொல்வார்கள். அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷாவருஷம் பராமரிப்புக்குப் போகும் என்று இங்கே ஒரு கணக்கு உண்டு. என் அனுபவத்தில் அது கொஞ்சம் தாராள மனசோடு போட்ட கணக்கு.

நீங்கள் கடைசியாக அனுப்பிய கட்டமரான், அதாவது இரட்டை உடல் படகு, விளம்பரத்தையும் பார்த்தேன். கேப்டவுனில் இப்போது உலகத்துக்கே செய்து அனுப்புகிறார்கள். நம் கட்டுமரம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு நமக்கே இந்த விலைக்கு விற்பது கொஞ்சம் அநியாயம்தான். நல்ல படகுதான், சாயாது, பாப்பாவுக்கு ஓட இடம் இருக்கும். ஆனால் முதல் படகு அது வேண்டாம், கட்ட இடம் கிடைப்பதே பாடு. 42 அடிகூட எனக்கு அதிகமாகத்தான் தெரிகிறது. கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் என்ற தென்னாப்பிரிக்கப் பெண் 2023இல் தனியாக, எங்கும் நிற்காமல் உலகத்தைச் சுற்றி கோல்டன் குளோப் பந்தயத்தை ஜெயித்தது 36 அடிப் படகில். நம் அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தார். நீங்கள் மூன்று பேர். உங்களுக்கு 36, 37 தாராளம். அடி கூடக்கூட ஒவ்வொரு கயிறும் தடிமனாகும், பில்லும் கூடவே.

தங்கச்சி தனியாக ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: படகில் இட்லி முடியுமா? முடியும். சின்ன கிரைண்டர் இன்வெர்ட்டரில் ஓடும். டர்பன் கோடையில் மாவு மத்தியானத்துக்குள்ளேயே பொங்கிவிடும், பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே. கடலில் குக்கர்தான் ராஜா: மூடி பூட்டிக்கொள்ளும், கவிழ்ந்தாலும் கொட்டாது, தண்ணீரும் கேஸும் மிச்சம். கேஸ் விஷயத்தில் மட்டும் வீட்டுப் பழக்கம் உதவாது. வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறப்போம். படகில் அது காற்றைவிடக் கனமாக இறங்கி அடியில் குளம் மாதிரித் தேங்கும். அங்கே ஜன்னல் கிடையாது. சமைத்து முடித்ததும் சிலிண்டர் பெட்டியிலேயே மூட வேண்டும், ஒவ்வொரு தடவையும். பிப்ரவரிப் புழுக்கத்தில் பட்டுப்புடவை பூஞ்சை பிடிக்கும், கொண்டுவராதே.

மாப்பிள்ளை, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டை விற்காதீர்கள், ஒரு வருஷம் வாடகைக்கு விடுங்கள். படகை வாங்கி, இங்கேயே மெரினாவில் கட்டிக் குடியிருங்கள். தைப்பூசக் காவடி, மாரியம்மன் கூழ் எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. தென்மேற்கு அடித்து ஓய்ந்த ஒவ்வொரு தடவையும் நாம் இரண்டு பேரும் வெளியே போய் வருவோம். மெரினாவில் நின்றால் எதிரே சாலிஸ்பரி தீவு தெரியும். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களில் சிலர், ஒப்பந்தம் முடிந்ததும் அங்கே குடிசை போட்டு வலை இழுத்துப் பிழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்காகத் தீவை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஜூன், ஜூலையில் மத்தி கரையேறும் காலத்தில் கடற்கரையில் வலைக்காரர்கள் தண்ணீரையும் பறவையையும் பார்த்தபடி நிற்பார்கள். சில வருஷம் மத்தி வரும், சில வருஷம் வராது. நீங்கள் ஒருநாள் அவர்களோடு நின்று பாருங்கள். சிக்னலில் பச்சை விழ அரை நொடி தாமதமானால் ஹாரன் அடிக்கும் ஆள் நீங்கள், அதனால் சொல்கிறேன்.

வியாழன் இரவு தென்மேற்கு வரும்போல இருக்கிறது. சனிக்கிழமைக்குள் ஓய்ந்துவிடும். அப்போது வாருங்கள், அந்த 42 அடியையும் பார்த்துவிடலாம், என்ஜின் மூடியைத் திறந்து வைக்கும்படி விற்பவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தங்கச்சியிடம் சுக்குப்பொடி கொடுத்துவிடச் சொல்லுங்கள். சாமான் எதுவானாலும் துணிப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்; அட்டைப்பெட்டி வேண்டாம், அதில் கரப்பான் முட்டை இருக்கும், அக்கா படகுக்குள் விடமாட்டாள்.

அன்புடன்,
மச்சான்
டர்பன்