செம்பனைக் கன்றின் மரபணுச் சோதனை சிறு தோட்டக்காரருக்கும் எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாமாயில் தரும் செம்பனையில் உயிரியல் தொழில்நுட்பம் பயன்படுவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைப் படித்து வருகிறேன். ஆதரித்து எழுதுபவர்களும் எதிர்த்து எழுதுபவர்களும், மரபணு என்றாலே ஆய்வுக்கூடத்தில் மாற்றியமைக்கப்பட்ட மரம் என்று எடுத்துக்கொள்வதாகத் தெரிகிறது. மரபணு மாற்றப்பட்ட செம்பனை இன்றுவரை உலகில் எங்கும் வணிக முறையில் பயிரிடப்படவில்லை. ஏற்கெனவே மரத்தில் இருக்கும் மரபணுவைப் படித்து, எந்தக் கன்று எப்படிக் காய்க்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் வேலைதான் இதுவரை பலன் தந்திருக்கிறது. அந்தப் பலன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே ஒரு சிறு தோட்டக்காரனாக என் கேள்வி.

1848-ஆம் ஆண்டு ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்ட நான்கு ஆப்பிரிக்கக் கன்றுகளின் வழிவந்தவைதான், பின்னாளில் டெலி டூரா என்று பெயர் பெற்று நம் பகுதியெங்கும் பரவிய மரங்கள். 1917-இல் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துத் தென்னமாரம் தோட்டத்தில் தொடங்கிய வணிகப் பயிரிடலும் அதன் பிறகு பல்லாண்டுகள் நடந்த பயிரிடலும் இந்த டூராவை நம்பியே இருந்தன. டூராவின் பழத்தில் ஓடு தடிமன், சதை குறைவு. பிசிஃபெரா என்னும் மற்றொரு வகையில் ஓடே இருக்காது. ஆனால் அதன் பெண் பூக்குலைகள் பெரும்பாலும் காய்ப்பிடிக்காமல் அழுகிவிடும். இவ்விரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் கொண்ட டெனெரா கிடைக்கிறது என்பதையும், ஓட்டின் தடிமனை ஒரே ஒரு மரபணுதான் தீர்மானிக்கிறது என்பதையும் பெல்ஜியக் காங்கோவில் ஆய்வு செய்தவர்கள் 1941-இல் வெளியிட்டார்கள். டெனெரா மரம் டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும் என்பதால், 1960-களில் மலேசியத் தோட்டங்கள் அதற்கு மாறத் தொடங்கின.

அந்த மரபணு எது என்பது 2013-இல்தான் தெரிந்தது. எம்.பி.ஓ.பி. எனப்படும் மலேசியச் செம்பனை வாரியத்தின் விஞ்ஞானிகள், அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து செம்பனையின் முழு மரபணுத் தொகுதியையும் ‘ஷெல்’ மரபணுவையும் நேச்சர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகியோர் அந்தப் பணியின் முன்னணியில் இருந்தார்கள். நம் நாட்டு அரசாங்க ஆய்வகம் ஒன்று உலகுக்கு அளித்த கொடைகளில் இது முக்கியமானது. நம் பத்திரிகைகளில் இதற்குக் கிடைத்த இடம் போதாது என்பது என் கருத்து.

டூராவையும் பிசிஃபெராவையும் கலந்தால் எல்லாக் கன்றும் டெனெராதானே, பிறகு சோதனை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். விதைத் தோட்டத்தில் டூராத் தாய்மரத்தின் பெண் பூக்குலையைப் பையிட்டு மூடி, அதற்குள் பிசிஃபெரா மகரந்தத்தை ஊதுகிறார்கள். பை சரியாக மூடப்படாவிட்டாலோ, மூடுவதற்கு முன்பே பூ விரிந்துவிட்டாலோ, அக்கம்பக்கத்து டூராவின் மகரந்தம் உள்ளே நுழைந்துவிடும்; அப்படி உருவாகும் விதை டூராவாகவே முளைக்கும். 1981-இல் கேமரூனிலிருந்து மூக்குவண்டு கொண்டுவரப்படும் வரை நம் தோட்டங்களில் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. அந்த வண்டு வந்து காய்ப்பைப் பெருக்கியது உண்மைதான். விதைத் தோட்டத்தில் வேண்டாத மகரந்தத்தைச் சுமந்து செல்வதும் அதே வண்டுதான். இதையெல்லாம்விட மோசமானது, டெனெரா மரத்தடியில் கிடக்கும் உதிரிப் பழத்திலிருந்து முளைத்த கன்றுகளை நல்ல கன்று என்று விற்பது. டெனெராவும் டெனெராவும் கலந்தால் நான்கில் ஒரு பங்கு டூரா, நான்கில் ஒரு பங்கு பிசிஃபெரா, பாதி மட்டுமே டெனெரா.

கன்றைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய எவராலும் முடியாது. நாற்றங்காலில் ஓராண்டு, வயலில் மூன்றாண்டு என்று காத்திருந்து, முதல் பழத்தை வெட்டி ஓட்டைப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் குழி வெட்டிய கூலியும் உரச் செலவும் போயிருக்கும். பெரும்பாலானோர் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள், அது 25 ஆண்டுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மலேசியாவின் தனிச் சிறு தோட்டத் துறையில் ‘ஷெல்’ சோதனையைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், பத்தில் ஒன்றுக்குச் சற்றே கூடுதலான கன்றுகள் டெனெரா அல்லாதவை என்று தெரியவந்தது. குலை எடையில் கிடைக்கும் எண்ணெயின் பங்கான எண்ணெய் விகிதம் நாட்டின் சராசரியில் பல ஆண்டுகளாக 20 விழுக்காட்டைச் சுற்றியே நிற்பதற்குப் பழுக்காத குலை, தாமதமாக ஆலைக்குப் போகும் குலை என்று பல காரணங்கள் உண்டு. இந்தக் கலப்பையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனைக்கான செலவைத் தோட்டக்காரனே ஏற்கட்டும் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டூராக் குலை எடையில் குறைவதில்லை, எண்ணெயில்தான் குறைகிறது. நாங்களோ குலையை எடைபோட்டு விற்கிறோம். ஆலை பல தோட்டங்களின் குலைகளையும் ஒன்றாகப் பிழிந்து, அதன் மொத்த எண்ணெய் விகிதத்தை வைத்து விலை சொல்கிறது. ஆகவே என் டூரா மரத்தால் வரும் நட்டம் என்னை மட்டும் தாக்காமல், அந்த ஆலைக்குக் குலை போடும் எல்லோர் மீதும் மெல்லியதாகப் பரவிவிடுகிறது. சொந்தச் செலவில் சோதனை செய்து நல்ல கன்று நட்டவனுக்கும் அதே விலைதான் கிடைக்கும். யாருடைய கணக்கிலும் தனியாகத் தெரியாத நட்டத்தைத் தடுக்க எவரும் பணம் போட மாட்டார்கள். சொந்த விதை, சொந்த நாற்றங்கால், சொந்த ஆலை என்று எல்லாம் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்துகிறது. ஆறு ஏக்கர் வைத்திருக்கும் எனக்குப் பொருந்தவில்லை. பொதுவாகப் பரவும் நட்டத்தைப் பொதுப் பணத்தில் தடுப்பதே முறை.

திசு வளர்ப்புக் கன்றுகளின் கதையும் இதே கோணத்தில் பார்க்கத்தக்கது. சிறந்த ஒரு மரத்தின் இளம் இலைத் துண்டிலிருந்து அதே மரத்தைப் பல்லாயிரமாகப் பெருக்கலாம் என்ற நம்பிக்கை 1970-களில் பிறந்தது. ஆனால் 1980-களில் வயலுக்குப் போன கன்றுகளில் ஒரு பகுதி பூத்தபோது, ஆண் உறுப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் பெண் உறுப்பைப் போன்ற சதை மடல்கள் வளர்ந்திருந்தன. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மரங்களில் குலையே பிடிக்கவில்லை. மரபணுவின் எழுத்தில் மாற்றம் எதுவும் இல்லாததால் காரணம் பிடிபடவில்லை. மரபணுவின் மீது இருக்க வேண்டிய மெத்தில் குறி என்னும் வேதி அடையாளம், ‘கர்மா’ என்று பெயரிடப்பட்ட துண்டிலிருந்து வளர்ப்பின்போது நீங்கிவிடுவதே காரணம் என்பதை மெய்லினா ஓங் அப்துல்லாவும் சக ஆய்வாளர்களும் 2015-இல் விளக்கினார்கள். அக்குறி இருக்கிறதா என்பதைச் சிறு கன்றிலேயே சோதித்து, கோளாறு உள்ளவற்றைக் கழித்துவிட முடியும். இந்தத் தொழில்நுட்பமும் இப்போதைக்கு ஆய்வகம் வைத்திருக்கும் பெரிய தோட்டங்களுக்கே பயன்படுகிறது.

பழத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுவும் 2014-இல் கண்டறியப்பட்டிருக்கிறது. நாம் வழக்கமாகக் காணும் குலை கருமையிலிருந்து கருஞ்சிவப்பாக மாறுவதால், உயர்ந்த மரத்தின் அடியில் நின்று பழுத்ததா என்று சொல்வது கடினம். பச்சையிலிருந்து ஆரஞ்சாக மாறும் வகை பரவினால் குலை வெட்டுபவருக்குப் பேருதவியாக இருக்கும். கனோடெர்மா என்னும் பூஞ்சையால் வரும் அடித்தண்டு அழுகல் நோயைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதான விடை கிடைக்கவில்லை. தென்னை இருந்த கரையோர நிலங்களில் இரண்டாம், மூன்றாம் முறை செம்பனை நடும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய அச்சம். ஓரளவு தாக்குப்பிடிக்கும் இரகங்கள் வந்திருந்தாலும், நோயை முற்றிலும் எதிர்க்கும் மரம் இன்னும் வரவில்லை.

செம்பனைப் பரப்பை 65 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விரிவாக்குவதில்லை என்று அரசாங்கம் 2019-இல் முடிவெடுத்தது. காட்டை அழிக்காமல் உற்பத்தியைக் கூட்ட வேண்டுமானால், இருக்கும் நிலத்தில் நிற்கும் மரம்தான் கூடுதலாகத் தர வேண்டும். ஆகவே வாரியத்திடமும் தோட்டத்துறை, மூலப்பொருள் அமைச்சிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உரிமம் பெற்ற நாற்றங்கால்கள் விற்கும் ஒவ்வொரு தொகுதிக் கன்றிலிருந்தும் மாதிரி எடுத்து, வாரியத்தின் செலவில் ‘ஷெல்’ சோதனை செய்து, டெனெரா விகிதத்தை நாற்றங்காலின் பெயரோடு வெளியிட வேண்டும். மறுநடவுக்கு அரசாங்கம் உதவித்தொகை வழங்கும்போது, சோதிக்கப்பட்ட தொகுதியிலிருந்து கன்று வாங்கவே அந்தப் பணம் செல்லுபடியாக வேண்டும். கன்று வாங்கும் சிறு தோட்டக்காரரின் கையில் ரசீதோடு அத்தொகுதியின் சோதனை முடிவும் அவர் படிக்கக்கூடிய மொழியில் தரப்பட வேண்டும்.

இப்படிக்கு,
சிறு தோட்டக்காரர் ஒருவர்,
தெலுக் இந்தான், பேராக்.