எடை குறைந்த மாதங்களில் எனக்கு உடை தந்து உதவியவர்களுக்கு

பாளையங்கோட்டைத் தையல் அக்காவுக்கும், என் மதினிக்கும், அலுவலகத் தோழியருக்கும், ரத வீதித் துணிக்கடை அண்ணாச்சிக்கும், எனக்கு முன்னே இதே சிகிச்சையைக் கடந்து வந்த சகோதரிகளுக்கும் என் அன்பான வணக்கம்.

இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகி, என் எடை ஒரு நிலைக்கு வந்து நின்றிருக்கும் நேரத்தில் இம்மடலை எழுதுகிறேன். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஊரறியச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் குடும்பத்தின் சேமிப்பு சிகிச்சைக்கும், அதன்பின் வந்த சத்து மாத்திரைகளுக்கும் புரதப் பொடிக்கும் போய்விட்ட நிலையில், மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருந்த உடம்புக்கு ஏற்ப அலுவலக உடை வாங்க எங்களிடம் பணம் இல்லை. ஆனாலும் அந்த மாதங்களில் ஒரு நாள்கூட நான் பொருந்தாத உடையோடு வேலைக்குப் போகும்படி நீங்கள் விடவில்லை.

இந்தச் சிகிச்சையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதத்தை நீக்கிவிடுகிறார்கள். எடை மிக வேகமாகக் குறைவது முதல் ஆறு மாதங்களில்தான். பிறகு வேகம் தணிந்து, 12 முதல் 18 மாதங்களுக்குள் ஒரு நிலைக்கு வருவது வழக்கம். முதல் ஆண்டிலேயே மொத்த எடையில் கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிடக்கூடும் என்பதை எங்கள் உணவியல் நிபுணர் தொடக்கத்திலேயே விளக்கியதோடு, “எடை நிற்கும்வரை நல்ல துணி எதுவும் தைக்காதீர்கள், இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்” என்றும் சொன்னார். தினமும் 60 கிராம் புரதத்துக்குக் குறையாமல் சாப்பிடச் சொன்ன அதே அக்கறையோடு அவர் உடையைப் பற்றியும் பேசியதற்கு என் முதல் நன்றி. அவர் அன்று அப்படிச் சொல்லாதிருந்தால் உங்களில் பலரிடம் நான் உதவி கேட்டு வந்திருக்கவே மாட்டேன்.

நான் வேலை பார்ப்பது அரசு அலுவலகத்தில், பொதுமக்களிடம் மனு வாங்கும் மேசையில். சேலையோ, துப்பட்டாவோடு கூடிய சுடிதாரோ அணிந்து கண்ணியமான தோற்றத்தில் வர வேண்டும் என்று அரசு ஊழியர்களுக்கு 2019-இல் வந்த உத்தரவு இருக்கட்டும்; அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் ஊரில் ஒருவர் மெலிந்தால் அது நோயென்றே எடுத்துக்கொள்வார்கள். சட்டை தோளிலிருந்து நழுவும்படி ஒரு பெண் அமர்ந்திருந்தால், மனு கொடுக்க வந்த ஆச்சி தன் பட்டா விவகாரத்தை மறந்து, “உடம்புக்கு என்ன தாயி, சீனி வியாதியா?” என்றுதான் கேட்பார். அது பரிவோடு கேட்பதுதான். ஆனால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் என் வயிற்றைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டு வேலை பார்க்க முடியாது. உடை அளவாக இருந்த நாட்களில் யாரும் எதுவும் கேட்கவில்லை; நான் என் வேலையைப் பார்த்தேன். அந்த நிம்மதியை எனக்குத் தந்தவர்கள் நீங்கள்.

தையல் அக்காவுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. மற்ற இடங்களில் சுடிதாரைப் பிடித்துத் தரச் சொன்னால், பக்கத் தையலை உள்ளே தள்ளி அடித்து, மிச்சத் துணியை வெட்டிவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அக்கா ஒரு துண்டுத் துணியையும் வெட்டவில்லை. முதல் சில மாதங்களுக்கு நெருக்கமான மெஷின் தையலே போடாமல், எளிதில் பிரிக்கக்கூடிய நீளமான தையலாகப் போட்டு, அடுத்த முறை அதைப் பிரித்து இன்னும் உள்ளே பிடித்துக் கொடுத்தார். பக்கவாட்டில் எவ்வளவு பிடித்தாலும் ஓர் எல்லைக்கு மேல் தோள்பட்டை இறங்கிவிடும் என்பதையும், அந்த நிலையில் கையைப் பிரித்தெடுத்துத் தோளைக் குறைத்துக் கையை மறுபடி ஏற்றினால்தான் சட்டை சரியாக நிற்கும் என்பதையும் எனக்குப் பொறுமையாகக் காட்டினார். எந்த உடைக்கு அந்த உழைப்பு தகும், எதை அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்று பிரித்துச் சொன்னதும் அவர்தான். பக்கத்தைப் பிடிக்கும்போது சைடு ஓபனையும் புதிதாக மடித்துத் தைக்க வேண்டும். அந்த வேலைக்கு அவர் தனிக் கூலி கேட்டதே இல்லை. சுடிதாரின் முதுகுப் பக்கம் இருபுறமும் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. காலையில் அந்த நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டால் போதும், இரண்டு அளவு பெரிய சட்டையும் உடம்போடு நின்றது. தைப்பதில் கெட்டிக்காரர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு; இன்னும் மாறப்போகும் ஒரு உடம்புக்காக யோசித்துத் தைத்தவரை நான் அக்காவிடம்தான் கண்டேன்.

மதினி, சிகிச்சைக்குப் பின் நான் வேலைக்குத் திரும்பிய வாரங்களில், வயிற்றில் துளையிட்ட இடங்களின் மேல் உள்பாவாடை நாடா அழுந்தி வலித்ததை நான் யாரிடமும் சொல்லாதபோதே நீங்கள் கவனித்துவிட்டீர்கள். நாடாவை எடுத்துவிட்டு, அகலமான மெல்லிய பட்டை வைத்து, வயிற்றுக்கு மேலே நிற்கும்படி உள்பாவாடை தைத்துக் கொடுத்தீர்கள். எடை குறையக் குறைய அந்தப் பட்டையின் கொக்கியை நகர்த்தி வைத்ததும் நீங்கள்தான். சேலைதான் இந்தக் காலத்துக்கு ஏற்ற உடை என்று என்னை நம்பவைத்ததும் நீங்களே. ஐந்தரை மீட்டர்ச் சேலை எந்த உடம்புக்கும் போதும்; மாற வேண்டியது ரவிக்கை ஒன்றுதான். உங்கள் பீரோவிலிருந்த வீரவநல்லூர்க் கைத்தறிச் சேலைகளை நீங்கள் எடுத்துக் கொடுத்தபோது, அவற்றோடு சேர்ந்து வந்த ரவிக்கைத் துணியை வெட்டாமல் மடித்து வைக்கச் சொன்னீர்கள். அதற்குப் பதிலாகக் கறுப்பிலும் சந்தன நிறத்திலும் இழுத்தால் நீளும் ஆயத்த ரவிக்கைகளை வாங்கி, எல்லாச் சேலைக்கும் அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டேன். சித்திரை வெயிலில் அந்தப் பருத்திச் சேலைகள் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன. மடித்து வைத்த ரவிக்கைத் துணிகளை இப்போதுதான் அக்காவிடம் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

உள்ளாடையை மட்டும் இரவல் வாங்க முடியாது. அதைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசி வழிகாட்டிய ரத வீதிக் கடையின் விற்பனைப் பெண்ணுக்கும் நன்றி சொல்ல வேண்டும். மூன்று வரிசைக் கொக்கி உள்ளதாகப் பார்த்து, இன்றைக்கு முதல் கொக்கியில் பொருந்துவதை வாங்கினால் அளவு குறையும்போது உள்கொக்கிகளுக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லி, விலை குறைந்ததையே எடுத்துக் காட்டினார். அதே கடையின் அண்ணாச்சி, தீபாவளிக்கு என் அண்ணன் எடுத்துக் கொடுத்த ஆயத்த சுடிதார் பைக்குள்ளேயே இருக்க, பில் தேதி தாண்டிப் போன பிறகும் ஒரு கேள்வி கேட்காமல் சிறிய அளவுக்கு மாற்றித் தந்தார். “உடம்பு சரியானதும் பட்டு எடுக்க வாங்கம்மா” என்றார். வருவேன், அண்ணாச்சி.

அலுவலகத் தோழியரே, எடை வேகமாகக் குறையும்போது குளிர் தாங்காது என்பது பலருக்குத் தெரியாது. குளிரூட்டிய அறையில் நான் நடுங்கியதைக் கண்டு உங்களில் ஒருவர் முழுக்கைச் சட்டையையும் இன்னொருவர் கெட்டித் துப்பட்டாவையும் என் நாற்காலியில் போட்டு வைத்தீர்கள். என் அளவைப் பற்றி, பாராட்டாகக்கூட, நீங்கள் பேசாமல் இருந்தது இன்னும் பெரிய உதவி.

இனி, எனக்கு முன்னே சிகிச்சை முடித்த சகோதரிகளுக்கு. மறுபரிசோதனைக்காகக் காத்திருந்த வேளையில் நாம் பேசிக்கொண்டதில்தான் அந்தத் துணிப்பெட்டி தொடங்கியது. ஒருவருக்குப் பெரிதாகிப்போன உடை அடுத்தவருக்குச் சரியாக இருக்கும் என்பது எளிய கணக்கு. அதை நடத்திக் காட்ட நீங்கள் எடுத்த பிரயாசைதான் அரிது. ஒவ்வொரு உடையையும் துவைத்து, இஸ்திரி போட்டு, பொத்தான் விட்டுப்போயிருந்தால் வைத்து, மார்பளவை ஒரு துணிச் சீட்டில் எழுதிக் கழுத்தில் குத்தி அனுப்பினீர்கள். 46-இல் தொடங்கிய நான் 44, 42, 40 என்று உங்கள் உடைகளின் வழியே இறங்கி வந்தேன். கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நான் அதை அடுத்தவருக்கு அனுப்பினால் போதும் என்றீர்கள். வேண்டாத துணியை வைத்துவிட்டுப் போகவும் தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளவும் 2017-இல் நெல்லை மாவட்ட ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரி ‘அன்புச் சுவர்’ தொடங்கிய ஊர் இது. நீங்கள் செய்ததும் அந்த வழியில் வந்ததுதான். நோயோடு போகட்டும் என்று பழைய துணிகளைப் பாபநாசத்தில் ஆற்றில் விட்டுவரச் சொன்ன உறவினர்கள் எனக்கும் உண்டு. தாமிரபரணியிலிருந்து டன் கணக்கில் துணியை வாரி எடுக்கும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், என் பெரிய அளவுச் சுடிதார்கள் அங்கே போகாமல் ஒரு பள்ளி ஆசிரியைக்கும் ஒரு செவிலியருக்கும் போய்ச் சேர்ந்ததற்காக உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அலுவலகத்துக்கு ஏற்ற சுடிதார்கள் 40 முதல் 44 வரை உள்ளன. 46 தீர்ந்துவிட்டது, யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். நாடா வைத்த சுடிதார் இரண்டும் மதினி தைத்த உள்பாவாடைகளும்கூட அதில் இருக்கின்றன. தேவைப்படுபவர்கள் நம் உணவியல் நிபுணரிடம் அளவைச் சொன்னால் போதும், நான் கொண்டுவந்து தருகிறேன்.

நிறைந்த நன்றியுடன்,
உங்கள் தங்கை, பாளையங்கோட்டை