வேலூர்ப் பக்கம் மரம் வெட்டும் மேஸ்திரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் மரம் ஏறிப் பிழைக்கும் மேஸ்திரிகளுக்கும், கீழே நின்று கயிறு பிடிக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் பாகாயம் பக்கம் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பங்கனப்பள்ளி மாமரம் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்லவே இப்போது கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. போன மார்கழியில் உங்களில் ஒருவர் வந்து வேலை செய்துவிட்டுப் போனதிலிருந்து, தெருவில் போகிறவர்கள் "இன்னாம்மா, மரத்துக்கு மொட்டை போட்டுட்டீங்க, திருத்தணிக்கு வேண்டுதலா?" என்று கேட்கிறார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. திட்ட வேண்டியதை அன்றைக்கே வாசலில் நின்று திட்டித் தீர்த்துவிட்டேன். சொல்ல வந்தது வேறு.

2021 நவம்பர் மழையில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். அதிலிருந்து ஐப்பசி பிறந்தாலே எனக்குக் கிளைகள் மேல்தான் கண். ஒரு கிளை பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் சாய்ந்திருந்தது. இன்னொன்று கரண்ட் ஒயரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. புரட்டாசியில் மேஸ்திரி வந்து பார்த்தார், 5,500 ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசி 4,500க்கு இறக்கினேன். "சரிம்மா, வெட்டுன கட்டை எங்களுக்கு" என்றார். குப்பை போனால் போதும் என்று தலையாட்டினேன்.

அப்புறம் இரண்டு மாதத்துக்கு "நாளைக்கு வரேம்மா"தான். மழைக்காலமே முடிந்துவிட்டது. மார்கழியில், அதாவது மாமரம் பூ எடுக்கத் தயாராகும் நேரத்தில், ஒருநாள் காலை எட்டு மணிக்குக் குட்டியானை வண்டியோடு வந்து நின்றார். லைன்மேனைக் கூப்பிட்டுக் கரண்டை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீ போய்ட்டு வா" என்றார். (இந்த 'நீ' மரியாதைக்குறைவு இல்லை, நம் வட ஆற்காட்டுப் பேச்சே அப்படித்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.) மேலே ஏறிய பையன் இடுப்பில் கயிறு கூடக் கட்டவில்லை. அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். வங்கியில் வேலை இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

மதியம் திரும்பினால் கொல்லையில் வெளிச்சம். எப்போதும் நிழலாக இருக்கும் துணி துவைக்கும் கல்லில் வெயில் அடிக்கிறது. பெரிய கிளைகள் மூன்றையும் முழங்கையோடு வெட்டின மாதிரி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஷீட் இரண்டு உடைந்திருந்தது. அதற்கும் நான்தான் பணம் கொடுத்தேன். கேட்டால், "நல்லா துளிர்க்கும்மா, குடை மாதிரி வரும் பாரு" என்றார். மேற்கொண்டு வண்டி வாடகைக்கு 500 கேட்டார்.

துளிர்த்தது உண்மைதான். ஆனால் எப்படித் துளிர்த்தது என்று வந்து பாருங்கள். இலை மொத்தமும் போய்விட்டால் மரத்துக்குச் சாப்பாடு இல்லை. அவசரத்தில் பட்டைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகளையெல்லாம் எழுப்பிக் கொத்துக் கொத்தாகக் குச்சி விடுகிறது. பழைய கிளை அடிமரத்தோடு சேர்ந்தே வருஷக்கணக்கில் பருத்தது. இந்தக் குச்சிகள் மேலாகத்தான் ஒட்டியிருக்கின்றன. நாலைந்து வருஷத்தில் கனம் ஏறினால், காற்றில் பிய்ந்து விழப்போவது இவைதான். காற்றுக்குப் பயந்து கூப்பிட்டேன், காற்றுக்கு விழும் மரமாகச் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த வருஷம் பூவும் இல்லை, காயும் இல்லை. மாங்காய்க்குப் பூ வருவது கிளை நுனியில். நுனியெல்லாம் குட்டியானையில் போய்விட்டது. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. நிழலிலேயே இருந்து பழகிய பட்டை, மேற்குப் பக்கமாக வெடித்துவிட்டது. ஒரு வெட்டுவாயில் மரத்தூள் கொட்டுகிறது. தண்டு துளைப்பான் புழு இறங்கியிருக்கிறது.

கழிக்கிற முறை உங்களில் பலருக்குத் தெரியும். கிளை பிறக்கும் இடத்தில் வளையம் மாதிரிப் புடைத்திருக்கும். அந்த வளையத்தைத் தொடாமல், மொட்டைக் கட்டையாக நீட்டியும் விடாமல், அதை ஒட்டி வெட்டினால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். கனமான கிளையென்றால் ஒரு முழம் தள்ளி முதலில் அடியில் ஒரு அறுப்பு, அப்புறம் மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிவிட்டு, கடைசியில் வளையத்தருகே. இல்லாவிட்டால் பட்டை உரிந்துகொண்டே கீழே வரும். மாமரத்துக்கு ஏற்ற காலம் காய் இறங்கிய பிறகு. ஒரே வருஷத்தில் கால் பங்குக்கு மேல் தழையைக் கழிக்கக் கூடாது. எந்தக் கிளை எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்ததுமே சொல்கிற ஆட்கள் நீங்கள், உங்களுக்கு நான் பாடம் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

ஆக, தெரியாமல் நடந்ததாக நான் நினைக்கவில்லை. கட்டை கூலியில் சேர்ந்துவிட்டது, அதுதான் காரணம். மெல்லிய கிளை இரண்டு வெட்டினால் விறகுக்கடைக்காரர் என்ன கொடுப்பார்? வண்டி வாடகைக்கே காணாது. தொடை கனத்துக் கட்டை இருந்தால்தான் அன்றைய கணக்கு நேராகும். நான் குறைத்த ஆயிரம் ரூபாயை அவர் மரத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அதில் என் பங்கும் இருக்கிறது. இந்த ஊரில் மரம் வைத்திருக்கும் எல்லோருமே கூலியைக் குறைத்துக் கட்டையைத் தள்ளிவிடுகிறோம், அப்புறம் மொட்டையைப் பார்த்து அழுகிறோம்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இனி வீட்டு மரத்தைப் பார்க்க வரும்போது, கழிக்கிற கூலியைத் தனியாகச் சொல்லுங்கள். 5,500 என்றால் 5,500. கட்டை யாருக்கு என்ற பேச்சையே எடுக்காதீர்கள், நாங்கள் எடுத்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். ஒயர் பக்கம் கிளை இருந்தால் லைன்மேன் வராமல் பையனை ஏற்றாதீர்கள்.

இப்போது ஆடி. மூன்று முண்டங்களிலும் சேர்த்து நாற்பது குச்சிக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நல்ல இடத்தில் இருக்கும் இரண்டு மூன்றை மட்டும் விட்டு, மற்றதைக் கழிக்க வேண்டும். புழு விழுந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை பூச வேண்டும். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். அதை நானே கலக்கி வைக்கிறேன். நிதானமாகப் பார்த்து வெட்டுகிறவர் யாராவது இருந்தால் வாருங்கள். முழுநாள் கூலி நீங்கள் கேட்பது, மதியம் சாப்பாடு இங்கே. குட்டியானை மட்டும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
பாகாயத்து மாமரத்துக்காரி