கழிப்பதற்கு முன் ஒரு பென்டிரைவ்

ஆசிரியருக்கு,

பாடசாலைகளில் குவிந்து கிடக்கும் பழைய கணினிகளைக் கழித்துவிடப் போவதாகத் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுங்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு பழைய இயந்திரங்களில் இல்லை, அவ்வளவுதான். பெட்டி பழுதாகவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்த 2012ஆம் ஆண்டு மடிகணினியை, நான்கு ஜிபி ராம்தான், விற்கலாமென்று பம்பலப்பிட்டிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு சிறிய எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) மட்டும் வாங்கி மாட்டி, பென்டிரைவில் இருந்து லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான பதிப்பைப் போட்டேன், முன்பு தேநீர் ஊற்றிக் குடித்து முடியும்வரை சுற்றிக்கொண்டிருந்த அதே இயந்திரம் இப்போது கேத்தல் கொதிப்பதற்குள் தயாராகிவிடுகிறது. கடிதமும் கணக்கு அட்டவணையும் தயாரிக்கும் லிப்ரே ஒஃபிஸ் அதிலேயே இருக்கிறது, நமக்குப் பழகிய ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸுக்கென்றே எழுதிய சில கணக்கியல் மென்பொருள்கள் ஓடாது, அது உண்மை. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு?

ஆகவே எந்தக் கணினியையும் கழிவுப் பட்டியலில் சேர்க்குமுன், அதே பாடசாலையில் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களிடம் ஒரு சனிக்கிழமை கொடுத்து, பென்டிரைவில் இருந்தே லினக்ஸை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லலாம். நிறுவாமலே சோதிக்க முடியும். ஓடாததை மட்டும் வலயக் கல்வி அலுவலகம் கழிக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06