அப்பாவின் தசமபாகக் கேள்விக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து பதில்

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கும் அம்மாவுக்கும், ஸ்தோத்திரம்.

நான் சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது, ஆனால் ஆஸ்பத்திரி வார்டுக்குள் ஹீட்டர் இருப்பதால் தெரிவதில்லை. அம்மா கொடுத்துவிட்ட கருப்பட்டி இன்னும் பாதி இருக்கிறது.

போன வாரம் போனில் அப்பா கேட்டீர்கள், "சம்பளம் வாங்க ஆரம்பிச்சாச்சே, தசமபாகம் எங்கே கொடுக்கிறே?" என்று. வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கர்த்தருக்கென்று எங்கே கொடுக்கிறேன் என்ற கேள்வி; நானோ நைட் டியூட்டி முடிந்து வந்த தூக்கத்தில் என்னமோ உளறினேன். நம்ம கோயில் கோபுரத்தை இடித்து உயரமாகக் கட்டும் நிதியைப் பற்றியும் சொன்னீர்கள். இரண்டுக்கும் சேர்த்து இந்தக் கடிதம்.

முதலில் இங்குள்ள நடைமுறையைச் சொல்கிறேன், கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். குடிவந்ததும் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம் உண்டு. புராட்டஸ்டண்ட் என்று எழுதினேன். அவ்வளவுதான், முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே சபை வரி என்று ஒரு பிடித்தம் வந்துவிட்டது. போதகர் ஐயர் கேட்கவில்லை, சபைக் கமிட்டி வீட்டுக்கு வரவில்லை. வருமான வரித் துறையே பிடித்துச் சபைக்கு அனுப்புகிறது, அந்த வேலைக்கு ஒரு சிறு பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்கிறது. கூட வேலை பார்க்கும் மலையாளி அக்கா ஒருத்தி, "மதம் இல்லேன்னு எழுதியிருந்தா மிச்சமாயிருக்குமே" என்றாள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை காசை மிச்சம் பிடிக்க அப்படி எழுதுமா?

கணக்கு இப்படி. சம்பளத்தில் அல்ல, வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன் வூர்ட்டெம்பெர்க்கிலும் 8, மற்ற மாநிலங்களில் எல்லாம் 9. எனக்கு வருமான வரி சுமார் 400 யூரோ, அதில் சபைக்கு 36. கையில் வருவது 2,200 சொச்சம். பத்தில் ஒன்று என்றால் 220. ஆகவே 36 யூரோ போனதால் தசமபாகம் செலுத்தியாச்சு என்று யாரும் சொல்ல முடியாது. வருமான வரி கட்டுமளவு சம்பாதிக்காதவர்களுக்குச் சபை வரியும் கிடையாது. ஏழை விதவையிடம் பிடுங்குவதில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

வேண்டாம் என்றால் அரசு அலுவலகத்தில் போய்ச் சபையை விட்டு விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு! அப்படி விலகுகிற கத்தோலிக்கருக்கு நற்கருணை கிடையாது என்று அவர்களுடைய ஆயர்கள் 2012இல் ஆணையே போட்டார்கள். ஆனாலும் வருஷா வருஷம் லட்சக்கணக்கில் போகிறார்கள். 2022இல் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் என்ற இரண்டு பெரிய சபையாரையும் சேர்த்தே எண்ணிக்கை நாட்டு ஜனங்களில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. ஹாலே பழைய கிழக்கு ஜெர்மனி என்பதால் இங்கே இன்னும் குறைவு. எங்கள் வார்டில் கோயிலுக்குப் போகிறவர்கள் என்றால் நாங்கள் இந்தியாக்காரர்கள்தான்.

இந்த வழக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1803இல் அரசர்கள் சபைகளின் நிலபுலன்களை எடுத்துக்கொண்டார்கள். வருமானம் போனது, செலவு நின்றது. அப்புறம் அந்த நூற்றாண்டில்தான் விசுவாசிகளிடம் வரி வசூலிக்கும் பழக்கம் ஒவ்வொரு பகுதியாக வந்தது. 1919 அரசியல் சட்டத்தில் அது உரிமையாக ஏறியது, 1949 சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சி மட்டும் 1950களில், நாங்கள் வசூலித்துத் தரமாட்டோம் என்று கைவிட்டது. எங்கள் கோயிலில் எழுபது தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். அவர் கல்யாணமான புதிதில் சபை அலுவலகத்துக்குத் தானே பணத்தை எடுத்துப்போய்க் கட்டிவிட்டு வருவாராம். "அப்போ எவ்வளவு கொடுக்கிறேன்னு எனக்குத் தெரியும், இப்போ அது சம்பளச் சீட்டுக்குத்தான் தெரியும்" என்கிறார். நம்ம ஊரில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஐந்நூறு ரூபாய்க்கு எடுக்கிற பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆகவே அப்பா, சபை வரியை நான் நம்ம சங்கக் காணிக்கை மாதிரிதான் வைத்திருக்கிறேன். ஐயருக்குச் சம்பளம், கட்டடப் பராமரிப்பு, சபை நடத்தும் பாலர் பள்ளி என்று அது போகும். அதைத் தசமபாகத்தில் கழிக்கவில்லை.

காணிக்கை எடுப்பது தனி. ஒவ்வொரு ஞாயிறும் இன்றைய காணிக்கை எதற்கு என்று அறிவித்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். ஒரு வாரம் சிறைப் பணி, ஒரு வாரம் ஆர்கன் பழுது. போன வாரம் எவ்வளவு சேர்ந்தது என்றும் வாசிக்கிறார்கள். மொத்தத் தொகையைத்தான், யார் எவ்வளவு என்பது கிடையாது. இது நம்ம கமிட்டியில் பேச வேண்டிய விஷயம். அக்டோபரில் இங்கேயும் அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணி, ஆப்பிள், ரொட்டி எல்லாம் ஆல்டரில் அடுக்கியிருந்தார்கள். ஏலம் கிடையாது, ஏழைகளுக்கு உணவு கொடுக்கிற இடத்துக்கு அப்படியே போய்விட்டது. ஏலம் இல்லாமல் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது, ஆனால் சாமான் போய்ச் சேர்ந்த இடம் சரி.

இன்னொன்றை அப்பாவுக்காகவே போய்ப் பார்த்தேன். ஃபிராங்கே ஐயர் கட்டிய அனாதை விடுதி இங்கேதான் இருக்கிறது, எனக்கு டிராமில் கொஞ்ச நேரம். 1695இல் அவருடைய வீட்டுத் தர்மப் பெட்டியில் யாரோ அந்தக் காலத்துக் காசில் 4 தாலர் 16 குரோஷன் போட்டார்கள். அதில் 2 தாலருக்குப் புத்தகம் வாங்கி, ஒரு ஏழை மாணவனைக் கூலிக்கு வைத்து, தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தார். மூன்றே வருஷத்தில் அந்தப் பெரிய கட்டடத்துக்கு வேலை ஆரம்பமானது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் இங்கே படித்தவர். அங்கிருந்து மிஷனரிகள் எழுதிய கடிதங்களை 1710 முதல் இங்கே அச்சிட்டு அனுப்ப, படித்தவர்கள் பணம் கொடுத்தார்கள். தமிழ் எழுத்தையே இங்கே வார்த்து அனுப்பியிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1778இல் குளோரிந்தா என்ற பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவார்ட்ஸ் ஐயரும் ஹாலேக்காரர்கள் அனுப்பிப் போனவர்தான். நம்ம ஊரைக் கண்ணால் காணாதவர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள். கல்வெட்டில் அவர்கள் பெயரை எங்கே தேடுவது?

இப்போது கோபுரம். அப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது. மல்கியா மூன்றாம் அதிகாரத்தைப் போட்டு, பண்டசாலைக்குக் கொண்டுவா என்று ஐயர் பிரசங்கித்ததாகச் சொன்னீர்கள். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்றுதான் அந்த வசனமே ஆரம்பிக்கிறது. ஆகாரத்துக்குத்தான் பண்டசாலை. உபாகமம் பதினாலையும் எடுத்துப் பாருங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று இருக்கிறது. அதற்கு மேலே, தூரமாயிருந்தால் அதை விற்று, மனசுக்குப் பிடித்ததை வாங்கிக் கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்றும் இருக்கிறது. அதை வைத்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற நம்ம அசனம் ஒன்றுதான் அதற்குப் பக்கத்தில் வருகிறது.

கோயிலுக்கு ஏற்கனவே கோபுரம் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கோபுரம் உயரம் என்பதற்காக இடித்துக் கட்டுவதில் என் பத்தில் ஒன்றைப் போட எனக்கு மனசில்லை. அதனால் இப்படிப் பிரித்திருக்கிறேன். 100 யூரோ ஐ.எம்.எஸ். என்ற இந்திய மிஷனரி சங்கத்துக்கு. 1903இல் வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்று நம்ம திருநெல்வேலி ஜனங்களே ஆரம்பித்து, தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பியது; இப்போது என் வெளிநாட்டுக் காசை வாங்கிக்கொள்ளட்டும், சம்பாதிக்கிறது நம்ம ஊர்ப் பிள்ளைதானே. 80 யூரோ சித்தி மகளின் காலேஜ் ஃபீஸுக்கு. சித்தப்பா இறந்ததிலிருந்து சித்தி யாரிடமும் கேட்கமாட்டார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். மீதி 40 இங்கே காணிக்கைப் பையில். கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் நாட்கள் வந்தால் 'உலகத்துக்கு அப்பம்' என்று 1959இல் தொடங்கிய ஒரு நிதி உண்டு, அதிலும் கொஞ்சம் போடுவேன்.

கமிட்டியில் அப்பாவுக்கு முகம் வேண்டுமே, அதுவும் எனக்குப் புரிகிறது. தசமபாகத்தில் சேர்க்காமல், என் சேமிப்பிலிருந்து கோபுரத்துக்கு ஒரே தடவை 10,000 ரூபாய் அனுப்புகிறேன். கல்வெட்டில் பேர் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வாசிக்கவும் வேண்டாம். ரசீதில் 'ஒரு சபையார்' என்று போடச் சொல்லுங்கள்.

அம்மா, உலை வைக்கும்போது நீங்கள் காணிக்கைக்கென்று எடுத்து வைக்கிற பிடி அரிசியை நிறுத்திவிட வேண்டாம், மகள் அனுப்புகிறாளே என்று. அது உங்கள் கணக்கு. முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்தீர்களா?

பணம் முப்பதாம் தேதிக்கு அப்புறம் அப்பா கணக்கில் ஏறும். சித்தி பங்கை அம்மா நேரில் போய்க் கொடுங்கள், தம்பியிடம் கொடுத்துவிட வேண்டாம். அவன் தெரு முழுக்கச் சொல்லிவிடுவான்.

உங்கள் மகள்