காலியாக இருக்கும் நாளைச் சொல்லுங்கள்

சென்னையில் வீடற்றோர் காப்பகங்களையும் அன்னதான அமைப்புகளையும் நடத்திவரும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் வசிக்கும் நான், பதினோரு ஆண்டுகளாக என் தாயாரின் நினைவாக மகாளய அமாவாசையன்று காப்பகம் ஒன்றுக்கு மதிய உணவு கொடுத்துவருகிறேன். கடந்த புரட்டாசியில் நாற்பது பேருக்கான சாம்பார் சாதத்தோடு ஆட்டோவில் போய் இறங்கியபோது, வாசலில் எனக்கு முன்பே மூன்று அண்டாக்கள் வந்து இறங்கியிருந்தன. காப்பாளர் அம்மா என் மனம் நோகாதபடி அதையும் வாங்கி வைத்துக்கொண்டார். பேச்சுவாக்கில், "நேத்து ராத்திரி ரவா உப்புமாதான் சார், அதுவும் எல்லாருக்கும் பத்தல" என்றார். அன்று மாலைக்குள் எத்தனை அண்டா சாதம் ஊசிப்போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு வரவில்லை.

மக்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்பதை நீங்கள் இன்னும் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த நிலை மாறும் என்று நம்பி இம்மடலை எழுதுகிறேன்.

வரிச்சலுகைக்காகக் கொடுக்கிறார்கள் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு பெறுவதற்கான ரசீது (80ஜி என்பார்கள்) பணத்துக்குத்தான் பொருந்தும்; அரிசி மூட்டைக்கோ புடவைக்கோ அந்தக் கழிவு கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. அப்படியிருந்தும் உங்கள் வாசலுக்கு மூட்டையும் அண்டாவும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்களும் சிறு கடைக்காரர்களுமே என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

என் தாயார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து மூலையிலிருந்த மண்பானையில் போடுவார். பானை நிறைந்ததும் அது யாருக்காவது போய்ச் சேரும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. ஸ்டான்லி மருத்துவமனையைக் கடைசிவரை அவர் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்லிவந்தார். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பட்டினியாகக் கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு, வடசென்னைக்காரர்களின் வாயில் அப்படித்தான் தங்கியிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் யாரும் கேட்காமலேயே வீடு வீடாகப் புளிசாதம் கிளறிப் பொட்டலம் கட்டியதும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். கண்ணெதிரே ஒருவர் பசித்திருக்கும்போது தன் சோறு இறங்காது என்பதே இந்த ஊரில் கொடுப்பதற்கான முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நாள். மறைந்த அப்பாவின் திதி, குழந்தையின் முதல் பிறந்தநாள், அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்து மனைவி வீடு திரும்பிய நாள், ரமலான் நோன்பு, கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொருவரும் ஒரு நாளைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். துக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் வீட்டுக்குள் இடம் போதாதபோது, அதைப் பத்துப் பேரோடு பகிர்ந்துகொள்ள உங்களிடம் வருகிறோம். அதனால்தான் அமாவாசையிலும் பண்டிகையிலும் சோறு குவிகிறது. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை இரவை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மின்கட்டணத்துக்கும் சலவை சோப்புக்கும் கொசுவலைக்கும் மாத்திரைக்கும் யாரும் பணம் தருவதில்லை என்று நீங்கள் வருந்துவதும் இதனால்தான். அவற்றை யாரும் ஒரு நாளோடும் ஒரு பெயரோடும் சேர்த்து எங்களிடம் கேட்டதில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள், வாசலில் ஒரு நாட்காட்டியை மாட்டுங்கள் என்பது. எந்த வேளைக்கு ஆள் இருக்கிறது, எந்த வேளை காலி என்பது வருகிறவர் கண்ணில் படட்டும். "அமாவாசை நிறைந்துவிட்டது, அடுத்த வாரம் வியாழன் இரவை உங்கள் அம்மா பெயரில் எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் மறுப்பவர் மிகச் சிலராகவே இருப்பர். சோற்றுக்குப் பதிலாக அன்றைய ஒரு நாள் காப்பகச் செலவு முழுவதையும் ஏற்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் ஆட்கள் உண்டு. மாநகராட்சியின் ஆதரவில் நடக்கும் காப்பகங்கள் அனைத்துக்கும் ஒரே நாட்காட்டி இருந்தால், ஒரு வாசலில் மிஞ்சுவது அன்றே அடுத்த வாசலுக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு காப்பகத்தில், சாப்பாட்டுத் தட்டை நான் ஒரு மூதாட்டியிடம் நீட்டிய நிலையிலேயே நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தார். படம் சரியாக வரவில்லை என்று இரண்டாம் முறையும் நிற்க வைத்தார்கள். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. கொடுத்தவருக்கு ஒரு சான்று வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், "வியாழன் இரவு முப்பத்தெட்டுப் பேர் சாப்பிட்டார்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். முகம் வேண்டாம்.

பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும் என்பது 2010-இல் உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு இட்ட கடமை. கூரையும் கழிப்பறையும் காவலும் அரசின் பொறுப்பு. அந்த இடத்தை எங்கள் கொடை நிரப்பிவிடக் கூடாது. கேட்க வேண்டியதை அரசிடம் தயங்காமல் கேளுங்கள். அதில் நாங்களும் உடன் வந்து கையெழுத்திடுகிறோம்.

இந்தப் புரட்டாசி அமாவாசையை வேறு யாரேனும் கேட்டிருந்தால் அவருக்கே கொடுத்துவிடுங்கள். காலியாக இருக்கும் ஒரு நாளில் என் தாயார் பெயரை எழுதிவைத்து, எது என்று எனக்குத் தெரிவியுங்கள். அன்றைக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடிவாசி ஒருவன்