வாட்டர் ஹீட்டர் பொருத்தும் பிளம்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளில் வாட்டர் ஹீட்டர் பொருத்தித் தரும் பிளம்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தொட்டியுள்ள ஹீட்டரின் குளிர்நீர் வாயில் நீங்கள் பொருத்தும், மிகையான அழுத்தத்தை வெளியே விடும் சிறிய பாதுகாப்பு வால்வைப் பற்றியே இந்த மடலில் முக்கியமாகப் பேச வேண்டியிருக்கிறது. அது சொட்டுகிறது என்று வீட்டுக்காரர் முறையிட்டதும், அதன் பக்கவாட்டு வாயை அடைத்துக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. அதை அடியோடு கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வீட்டில் அந்த வாயில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியை இரண்டாக மடித்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்ததைக் கண்டேன். ஒரு துளிகூடக் கசியவில்லை. வீட்டுக்காரருக்கும் முழுத் திருப்தி. அந்த நிலையில் ஹீட்டர் தினமும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வால்வு ஏன் சொட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்ல உதவும் என்பதால் எழுதுகிறேன். 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ அரை லிட்டர் விரிகிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால், அந்த அரை லிட்டர் எங்காவது போயாக வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து நேராக இறங்கும் பைப்பில், நீரை ஒரே திசையில் மட்டும் போகவிடும் திரும்பவிடா வால்வு எதுவும் இல்லாதபோது, விரிந்த நீர் வந்த வழியே சத்தமில்லாமல் பின்வாங்கிவிடும். ஆனால் பாதுகாப்பு வால்வுக்குள்ளேயே திரும்பவிடாத அமைப்பு இருந்தாலோ, அழுத்தம் கூட்டும் பம்ப் ஒன்றை வழியில் வைத்து அதனுடன் அத்தகைய வால்வைச் சேர்த்திருந்தாலோ, பின்வழி அடைபட்டுவிடுகிறது. பல வீடுகளில் புதிதாகப் பம்ப் வைத்த பிறகே சொட்டத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பழியோ பழைய ஹீட்டரின் மீது விழுகிறது.

ஆகவே, சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டி, சூடேறி முடிந்ததும் நின்றுவிடுமானால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் விடாமல் ஒழுகினால் அது வேறு சங்கதி: உள்ளே வரும் நீரின் அழுத்தம் மிகையாக இருக்கலாம், அல்லது வால்வின் மூடி அமரும் இருக்கையில் உப்புக்கறையோ மண்துகளோ சிக்கியிருக்கலாம். முன்னதற்கு அழுத்தம் குறைக்கும் வால்வும், பின்னதற்குப் புதிய பாதுகாப்பு வால்வும் தீர்வாகும். அடைப்பது எதற்கும் தீர்வல்ல. தெர்மோஸ்டாட் பழுதாகி, வெப்பத் துண்டிப்பானும் செயல்படாமல் போகும் நாளில் அந்த ஒரு வாய்தான் மிச்சமிருக்கும். அடைபட்ட தொட்டிக்குள் 100 டிகிரியைத் தாண்டிய பிறகும் நீர் அழுத்தத்தால் நீராகவே இருக்கும். தொட்டி பிளந்ததும் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாக மாறும், ஆவியாகும் நீரோ ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தைப் பிடிக்கும்.

வால்வின் வாயிலிருந்து ஒரு வெளியேற்றுக் குழாயைச் சரிவாகக் கீழே இறக்கி, கண்ணில் படும் இடத்தில், யார் மீதும் தெறிக்காதபடி திறந்த முனையாக விட்டுவிடுங்கள். அந்தக் குழாய் சூட்டைத் தாங்குவதாக இருக்கட்டும். வழியில் அளவைக் குறைக்காதீர்கள். பாதுகாப்பு வால்வுக்கும் தொட்டிக்கும் இடையே அடைப்பு வால்வு வைக்கவே கூடாது. பழுதுபார்க்க ஒன்று தேவையென்றால் அதைப் பாதுகாப்பு வால்வுக்கு முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில் வையுங்கள்.

பைப் விஷயத்திலும் சிறு ஆதங்கம் உண்டு. சாதாரண பிவிசி பைப் 60 டிகிரியை நெருங்கும்போதே வலுவிழந்து தொய்யத் தொடங்கும். வெந்நீர் வழிக்கு, சூடு தாங்கும் பிவிசி வகையான சிபிவிசி ஏற்றது. 82 டிகிரியில் ஏறத்தாழ 7 பார் அழுத்தத்தைத் தாங்கும் வகையில் அது தயாரிக்கப்படுகிறது. ஆனால் அதை பிவிசிக்கான பசையால் ஒட்டினால் தாங்கும் திறன் அந்த மூட்டோடு முடிந்துபோகும். தொட்டியின் வாயிலிருந்து முதல் அரை மீட்டர் அளவுக்கு உலோக நெகிழ்குழாய் போடுவது இன்னும் நல்லது. செம்புக் குழாயையும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயையும் நேருக்கு நேர் இணைத்தால் இரும்பு வேகமாக அரிபடும் என்பதால், நடுவில் இரு உலோகங்களையும் தொடவிடாமல் பிரிக்கும் மின்காப்பு யூனியனோ பித்தளை இணைப்போ இருக்கட்டும். தொட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையிட்ட குழாய்முனையான நிப்பிளில் இணைப்பை முடுக்கும்போது, ஒரு ஸ்பேனரால் நிப்பிளைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருப்புங்கள். ஒற்றை ஸ்பேனரின் முறுக்கில் தொட்டியின் வெல்டிங்கே விரிசல் விடுவதுண்டு. நீலம் உள்ளே, சிவப்பு வெளியே என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெளிவழி திறந்தே இருக்க வேண்டிய உடனடி ஹீட்டர் வகைகளில் மட்டும், வெந்நீர்ப் பக்கம் குழாய்த்திருகு வைக்கக் கூடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். இணைப்பு முடிந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று முழுவதும் போய் நீர் ஒரே சீராகக் கொட்டும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். நீரில்லாத தொட்டியில் சூடேற்றும் காயில் எரிந்துபோகும். பிறகு ஒருமுறை முழுச் சூடு ஏறும்வரை காத்திருந்து, மூட்டுகளைத் தடவிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் கசியாத மூட்டு சூடேறி விரியும்போது கசிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வேளையில் பாதுகாப்பு வால்வும் சொட்டத் தொடங்கும். வீட்டுக்காரரை அழைத்து அதைக் காட்டி, ஏன் அடைக்கக் கூடாது என்பதை விளக்கிவிடுங்கள். அவ்வளவு நேரம் காத்திருப்பதற்கான கூலியையும் தயங்காமல் சேர்த்துக் கேளுங்கள். வீட்டுக்காரர்களாகிய நாங்கள் அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்காரர்களில் ஒருவர்